உக்கார ஒரு இடம் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்கிறோம்

சென்னைல பார்க், பீச், பஸ் ஸ்டாப், நடைபாதை இதையெல்லாம் கட்டுற, அழகு பண்ற, அப்புறம் நேரம் பாத்து பூட்டுற ஆபீசர் ஐயாங்களுக்கும் அம்மாங்களுக்கும் வணக்கம்.

நான் தி.நகர்ல ஒரு துணிக்கடைல சேலை செக்‌ஷன்ல நிக்கிறேன். வேலை செய்றேன்னு வாயில வரல பாருங்க, நிக்கிறேன்னுதான் வருது. பதினெட்டு வருஷம் ஆச்சு. 2021ல கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் போடணும்னு தமிழ்நாட்டுல சட்டம் திருத்துனாங்க, பேப்பர்ல வந்தப்போ நாங்க ஆறு பேரு பாத்ரூம் பக்கத்துல நின்னு அத படிச்சோம், நின்னுகிட்டேதான். அப்புறம் எங்க செக்‌ஷனுக்கும் ரெண்டு ஸ்டூல் வந்துச்சு. இப்போ அதுமேல அட்டைப்பெட்டி உக்காந்திருக்கு.

இத நான் போன்ல வாய்ஸ்ல பேசித்தான் டைப் பண்றேன், புள்ளி எங்க வைக்கணும்னு அதுக்கும் தெரியல எனக்கும் தெரியல, பொறுத்துக்கோங்க.

எனக்கு வார லீவு செவ்வாக்கிழமை. சனி ஞாயிறுதான் எங்களுக்கு கூட்டம், அதனால எங்க ஃப்ளோர்ல பாதி பேருக்கு செவ்வா, மீதி பேருக்கு புதன். ஊரே வேலைக்கு போற நாள்ல நாங்க ஊர் சுத்த கெளம்புவோம். எனக்கு கூட்டு என் மாமியார், அவங்களுக்கு அறுபத்தெட்டு வயசு, முட்டி தேய்ஞ்சு போச்சு ஆனா வாய் தேயல. மதியத்துக்கு மேல என் பொண்ணும் வந்து சேந்துக்குவா, காலேஜ்ல அவளுக்கு காலை ஷிஃப்ட். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார், அவர கூப்ட்டா மீட்டர் போட்டுருவாரோன்னு பயத்துல கூப்பிடுறது இல்ல. மூணு பேருக்கும் சேத்து பட்ஜெட் முந்நூறு ரூபா. மாசத்துக்கு ரெண்டு செவ்வா. தீவாளிக்கு முன்னாடி மட்டும் லீவே கெடையாது.

முந்நூறுல சென்னைல என்ன பண்ண முடியும்னு கேக்காதீங்க, நெறைய பண்ணலாம். கடைல என்கூட வேலை பாக்குற சின்ன புள்ளைங்க, திருநெல்வேலி, விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கியிருக்குதுங்க, லீவு நாள்ல மால்ல போய் ஏசில சுத்திட்டு எதையும் வாங்காம திரும்பி வந்து "அக்கா சென்னைல காசு இல்லாம ஒண்ணும் இல்லக்கா"ங்கும். எனக்கு கோவமா வரும். இந்த ஊரு காசில்லாதவங்களுக்குத்தான் அதிகமா வெச்சிருக்கு, அத எங்க வெச்சிருக்குன்னுதான் யாரும் சொல்லித் தர்றதில்ல.

மொதல்ல பஸ். 2021 மே மாசத்துலேர்ந்து சாதா கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அத ஆபீஸ் போறதுக்கு மிச்சம், கடைக்கு போறதுக்கு மிச்சம்னு எல்லாரும் கணக்கு போட்டு பேசுறாங்க, வேற ஒண்ணு நடந்துச்சு, அத யாரும் கணக்குல எடுக்கல. நான் தப்பான ஸ்டாப்புல எறங்க ஆரம்பிச்சேன். முன்னாடி ஒரு ஸ்டாப் மாறி எறங்குனா அஞ்சு ரூபா, பத்து ரூபா தண்டம், அதனால ஏறுன எடத்துலேர்ந்து எறங்குற எடம் வரைக்கும் கண்ண மூடிட்டு போவேன். இப்போ ஜன்னல்ல ஏதாவது கோயில் தேரு, ஏதாவது கூட்டம் தெரிஞ்சா எறங்கிட்டு அடுத்த பஸ்ல போறேன். பதினஞ்சு வருஷமா பாத்த ரோட்ட இப்போதான் பாத்தேன்னு சொல்லலாம்.

சரி, செவ்வாக்கிழமைக்கு வரேன். ஒரு தடவ மாமியாருக்கு மான் பாக்கணும்னு ஆச வந்து கிண்டி கெளம்பினோம். கிண்டி பார்க்குக்கு செவ்வா லீவு. வண்டலூர் ஜூவுக்கும் செவ்வா லீவு. தப்பு எங்க மேலதான், கேட்டுட்டு போயிருக்கணும், மிருகங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்தான், எனக்கும் அதுக்கும் ஒரே நாள் வார லீவுன்னு இருக்கு, அவ்ளோதான். ஆனா ஐயா, இந்த ஊர்ல கடைல நிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்கோம், எங்களுக்கு ஞாயித்துக்கிழமையே கெடையாது. மாசத்துல ஒரே ஒரு செவ்வா மட்டும் தொறந்து வெச்சு மறுநாள் லீவு விட்டா அந்த மானு ஒண்ணும் கோச்சுக்காதுன்னு நெனைக்கிறேன்.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிதான் லீவு, செவ்வா தொறந்திருக்கும். 1851ல ஆரம்பிச்சதாம். அங்க வெண்கல சிலைக்குன்னு தனி கட்டடம் இருக்கு, திருவாலங்காட்டு நடராஜர் அங்கதான் இருக்காரு. என் மாமியார் ரொம்ப நேரம் பாத்துட்டு என்கிட்ட திரும்பி, "நீயாச்சும் ரெண்டு கால்ல நிக்கிற, இவர பாரு, ஒத்த கால்லயே ஆயிரம் வருஷமா"ன்னாங்க. அங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நோட்டு புக்கு வெச்சு படம் வரைஞ்சுட்டு இருந்த பையன் திரும்பி பாத்தான். அதே காம்பவுண்டுல கன்னிமாரா லைப்ரரி, 1896லேர்ந்து இருக்கு. நாங்க படிக்கப் போறதில்ல, பொண்ணுதான் போவா. நாங்க மரத்தடில உக்காருவோம். அந்த வளாகத்துல மரம் அருமையான மரம், காத்தும் வரும்.

உக்கார்றதுன்னு வந்துட்டா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்த சொல்லாம விட முடியாது. 2010ல தொறந்தது. உள்ள போக காசு இல்ல, ஏசி இருக்கு, நாற்காலி இருக்கு, நாற்காலிக்கு முதுகு இருக்கு, பாத்ரூம் இருக்கு, யாரும் வந்து "என்ன வேணும் மேடம்"னு கேக்க மாட்டாங்க. பதினெட்டு வருஷமா நான் அடுத்தவங்கள பாத்து கேட்ட கேள்வி அது, எவ்ளோ சங்கடமான கேள்வின்னு அங்க போய்தான் புரிஞ்சுது. புள்ளைங்க செக்‌ஷன்ல பெரிய மரம் மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க, மாமியார் அத தொட்டுப் பாத்து நெஜ மரமா பொய் மரமான்னு செக் பண்ணாங்க. சொந்த புக்கு எடுத்துட்டு போய் படிக்கவும் தனியா இடம் இருக்கு, என் பொண்ணு பரீட்ச நேரத்துல அங்கதான் குடியிருப்பா, வீட்ல ஒரே ரூம்ல நாலு பேரு.

அப்புறம் ரயிலு. இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. சென்னைல உக்காந்துகிட்டே ஊரப் பாக்கணும்னா பறக்கும் ரயில்ல ஏறுங்க. திருவான்மியூர் வரைக்கும் ஓசி பஸ்ஸு, அங்கேர்ந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் சில்லறைல முடிஞ்சிரும். மத்தியானம் கூட்டமே இருக்காது, ஜன்னல் சீட்டு நிச்சயம். மாடி ஒசரத்துல போகும், மொட்ட மாடில காயிற துணி, மொளகா, அப்பளம், மயிலாப்பூர்ல அந்த ராட்சஸ ஸ்டேஷன், கீழ பக்கிங்ஹாம் கால்வா (அத பாத்து மூக்க மட்டும் பொத்திக்கணும்), சேப்பாக்கத்துல ஸ்டேடியம். நடுவுல நாலாவது லைன் போடுற வேலைக்காக 2023 ஆகஸ்ட்லேர்ந்து வருஷத்துக்கு மேல சிந்தாதிரிப்பேட்டையோட நிறுத்திட்டாங்க, 2024 அக்டோபர் கடைசிலதான் திரும்ப பீச் வரைக்கும் விட்டாங்க, அந்த ஒரு வருஷம் எங்க செவ்வாக்கிழமைக்கு வாலே இல்லாம இருந்துச்சு.

ஏன்னா வாலுலதான் அத்தோ இருக்கு. பீச் ஸ்டேஷன்ல எறங்கி ரோட்ட கடந்தா சாயங்காலம் வரிசையா தள்ளுவண்டி. 1960கள்ல பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஆளுங்க கொண்டு வந்த சாப்பாடு. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், அதுல கோஸு, பொரிச்ச வெங்காயம், பொரிச்ச பூண்டு, புளித்தண்ணி, மொளகாத்தூள், மேல தட்டைய நொறுக்கி போட்டு கையாலயே பெசஞ்சு குடுப்பாங்க, கூட வாழைத்தண்டு சூப்பு. முட்டைய கீறி உள்ள வெங்காயம் பூண்டெல்லாம் வெச்சு ஒண்ணு குடுப்பாங்க, அத ஒரே வாய்ல போடணும், கடிச்சு சாப்ட்டா அசிங்கமாயிரும். மூணு பேருக்கு ரெண்டு பிளேட் அத்தோ, ஆளுக்கொரு முட்ட, எங்க முந்நூறுல பெரும்பங்கு அங்கதான் போகும். போகட்டும். மாமியாரும் மொதல்ல "என்னடி இது பச்ச கோஸு"ன்னு மூஞ்ச சுளிச்சாங்க, இப்போ சூப்புக்கு ரெண்டாவது கப்பு அவங்கதான் கேக்குறாங்க. அங்க இருக்குறது நாலே நாலு பிளாஸ்டிக் ஸ்டூலு, அதுக்கு எங்களுக்கு முன்னாடி பத்து பேரு. கடக்காரர குத்தம் சொல்லல, அவரு அந்த வண்டிய நிறுத்த எடம் புடிக்கிறதே பெரிய பாடு. கையேந்தி பவன்னு சும்மாவா பேரு வெச்சாங்க.

காசு ரொம்ப கம்மியா இருக்குற மாசக்கடைசி செவ்வான்னா அம்மா உணவகம். 2013ல ஆரம்பிச்சப்போ இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு, தயிர் சாதம் மூணு. சாப்பாட்டு ருசிக்கு நான் சர்டிபிகேட் தர மாட்டேன், ஒருநாள் நல்லா இருக்கும் ஒருநாள் சாம்பார்ல பருப்ப தேடணும். ஆனா ஊர் சுத்த கெளம்புறவங்களுக்கு வயிறு ரொம்பிடுச்சுன்னா பாதி கவல போச்சு.

மெரினாவ பத்தி உங்களுக்கு நான் என்ன சொல்றது. 1884ல வெள்ளக்காரன் நடக்குறதுக்குன்னு ரோடு போட்டு மெரினான்னு பேரு வெச்சான், அதுக்கு முன்னாடியே அங்க மீன் புடிக்கிறவங்க இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல், மொளகா பஜ்ஜி, பலூன் சுடுறது, கையால சுத்துற ராட்டினம், இதெல்லாம் எழுதுனா கட்டுரைப் போட்டி மாதிரி ஆயிரும். எனக்கு அங்க புடிச்சது உழைப்பாளர் சிலை. நாலு பேரு பாறைய நெம்பிட்டே இருக்காங்க, 1959லேர்ந்து. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஷிஃப்ட் மாத்த ஆள் வரல. அவங்கள பாத்தா எனக்கு எங்க சூப்பர்வைசர் ஞாபகம் வரும், வேணாம் விடுங்க. இதே ஊரு கடற்கரைலதான் 1923ல சிங்காரவேலர் இந்தியாலயே மொத மே தின கூட்டம் நடத்துனாரு. எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்காதேன்னு கேக்குற நாளு அது. எட்டு மணி நேரமெல்லாம் எனக்கு கனவுல வரும்.

2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிங்க கடல் கிட்ட போறதுக்கு மரத்துல பாதை போட்டீங்களே, அதுக்கு உங்கள கையெடுத்து கும்பிடுறேன். அடுத்த மாசமே மாண்டஸ் புயல் வந்து ஒரு பக்கத்த ஒடச்சிருச்சு, அத வெச்சு வாட்ஸப்புல எவ்ளோ கிண்டல். கிண்டல் பண்ணவங்க யாருக்கும் மணல்ல கால் பொதைஞ்சு நடக்க முடியாத மாமியார் இல்ல போல. சரி பண்ணதுக்கு அப்புறம் நாங்க போனோம். எதுக்க ஒரு தம்பி சக்கர நாற்காலில வந்தாப்ல, அவருக்கு வழி விட்டு நின்னுட்டு அப்புறம் நடந்தோம். எங்க மாமியார் பொறந்ததே திருவல்லிக்கேணில, கடல் சத்தத்துல வளந்தவங்க, ஆனா முட்டி போனதுக்கு அப்புறம் ஏழெட்டு வருஷமா ரோட்டுலேர்ந்துதான் கடல பாத்தாங்க. அன்னிக்கு அந்த பலக மேல நடந்து போய் அலைய பாத்துட்டு ஒண்ணுமே பேசல. அவங்க பேசாம இருந்து நான் பாத்த ஒரே நாள் அது. இப்போ மணல்ல மூங்கில் குடையும் உக்கார சேரும் போட்டிருக்கீங்க, அதுவும் நல்லா இருக்கு. அதுக்கு டிக்கெட்டுன்னு மட்டும் ஒரு நாளும் ஆரம்பிச்சிராதீங்க.

ஏன் பயப்படுறேன்னா, கதீட்ரல் ரோட்டப் பாருங்க. ஒரு பக்கம் செம்மொழிப் பூங்கா, சின்ன டிக்கெட். எதுக்க 2024ல கலைஞர் நூற்றாண்டு பூங்கா, தொறந்தப்போ பெரியவங்களுக்கு நுழையவே நூறு ரூபா. எங்க பட்ஜெட் கேட்லயே முடிஞ்சிருச்சு. உள்ள ஜிப்லைன் எல்லாம் இருக்காம், தொங்கிட்டு போறதுக்கு தனி காசாம். இருக்கட்டும், தொங்கணும்னு ஆசப்படுறவங்க தொங்கட்டும். ஆனா சும்மா உக்கார வர்றவங்களுக்கும் தொங்க வர்றவங்களுக்கும் ஒரே கேட்டு, ஒரே ரேட்டுன்னா எப்படி? பாண்டி பஜார்ல 2019ல அகல நடபாதை போட்டு பெஞ்சு போட்டீங்க, அதுக்கு ஒரு பைசா வாங்கல, இன்னிக்கு சாயங்காலம் போய் பாருங்க, ஒரு பெஞ்சு காலியா இருக்கான்னு. எங்க கடை புள்ளைங்க டிபன் பாக்ஸ தொறக்கறதே அங்கதான். வெயில்ல மட்டும் அந்த பெஞ்சு தோசக்கல்லு. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு மரம் இருந்திருந்தா.

கச்சேரி பத்தி சொல்ல மறந்துட்டேன் பாருங்க. டிசம்பர்ல சபால எல்லாம் சாயங்கால கச்சேரிக்குத்தான் டிக்கெட், மத்தியானம் சின்ன பசங்க பாடுறதுக்கு நெறைய எடத்துல டிக்கெட் கெடையாது, யார் வேணா போய் உக்காரலாம். இது எனக்கு நாப்பது வயசு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் போயிருக்க மாட்டேன், அது நமக்கில்லன்னு உள்ள ஒரு நெனப்பு, யாரும் சொல்லாமலே வந்துருது. ஒரு செவ்வா மயிலாப்பூர்ல மழை புடிச்சு ஒதுங்கப் போய் உள்ள போனோம். நான் போனது அந்த சீட்டுக்காகத்தான், குஷன் சீட்டு. பொண்ணு பத்தே நிமிஷத்துல தூங்கிட்டா. ஒரு பொண்ணு பாடுச்சு, இருவது வயசு இருக்கும், கட்டியிருந்த சேலை என்ன ரகம்னு மட்டும்தான் எனக்கு மொதல்ல தெரிஞ்சுது. அப்புறம் மிருதங்கம் தனியா வாசிக்க ஆரம்பிச்சாரு, மாமியார் தொடைல தாளம் போட்டாங்க, கானா பாட்டுக்கு போடுற மாதிரியேதான் போட்டாங்க, சரியா வந்துச்சு. கேன்டீன்ல காபி வெல பாத்துட்டு வெளிய வந்து டீ குடிச்சோம்.

பொங்கலுக்கு அரசாங்கம் நடத்துற சென்னை சங்கமத்துல அந்த சங்கடம் இல்ல. பறை, கரகம், ஒயிலாட்டம், பார்க்லயும் கிரவுண்டுலயும் ஓசில பாக்கலாம், கூட்டத்துல நம்ம ஆளுங்கதான் அதிகம். பங்குனில கபாலி கோயில் அறுபத்து மூவர் அன்னிக்கு மயிலாப்பூர் போனீங்கன்னா வீட்ல சமைக்கவே வேணாம், மோரு, பானகம், புளிசாதம், பொங்கல்னு தெருத்தெருவா கூப்ட்டு குடுப்பாங்க. வேணாம்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

இப்போ உங்ககிட்ட கேக்க வந்தத கேட்டுர்றேன். சாப்பாட்ட எங்களால தேடிக்க முடியும், பாக்குறதுக்கு ஊரு ரொம்ப கெடக்கு. உக்காரத்தான் எடம் இல்ல. புது பஸ் ஸ்டாப்புல ஸ்டீல் கம்பி மாதிரி ஒண்ணு வெக்கிறீங்க, அதுல உக்கார்றதா சாயறதான்னே தெரியல, யாரோ படுத்துருவாங்கன்னு பயந்து செஞ்ச மாதிரி இருக்கு. படுத்தா படுக்கட்டுமே, ராத்திரி படுக்க எடமில்லாம அங்க வர்றவங்கள கம்பி போட்டு தொரத்துனா அவங்க எங்க போவாங்க, அதுல எங்களையும் சேத்து நிக்க வெக்கிறீங்க. முதுகு சாய ஒரு பலக, மேல நெழலு, நடந்து போற தூரத்துல பூட்டாத ஒரு கக்கூஸ். பொம்பளைங்க ஊர் சுத்துற தூரம் பஸ் காசுல இல்ல, கக்கூஸ்ல இருக்கு. நானும் மாமியாரும் தண்ணி பாட்டில் எடுத்துட்டு போயி குடிக்காமலே திருப்பி கொண்டு வர்றோம்.

அப்புறம் ராத்திரி பஸ்ஸு. ஓசி டிக்கெட் சாதா பஸ்லதான் செல்லும், நேரம் ஆக ஆக அது கொறையுது, காசு வாங்குற பஸ்ஸுதான் மொதல்ல வருது. எங்க வீடு கண்ணகி நகர். நாங்க அங்கயே பொறந்தவங்க இல்ல, திருவல்லிக்கேணி பக்கம் கால்வா ஓரத்துல இருந்தவங்க, இருவது வருஷத்துக்கு முன்ன லாரில ஏத்தி அங்க கொண்டு போய் விட்டாங்க. அப்போ பீச்சுக்கு நடந்தே போவோம், செருப்பு கூட போட மாட்டோம். இப்போ அதே பீச்சுக்கு நான் பட்ஜெட் போடுறேன். கண்ணகி நகர்ல 2020 வாக்குல பெரிய பெரிய ஆர்ட்டிஸ்டுங்க வந்து பில்டிங் செவுத்துல எல்லாம் படம் வரைஞ்சாங்க, நல்லா இருக்கு, பொய் சொல்லக்கூடாது. அத பாக்க சிட்டிலேர்ந்து கேமரா தூக்கிட்டு வராங்க, செலவில்லாத அவுட்டிங் அவங்களுக்கு. ஒரு நாள் ஒரு பொண்ணு, என் மக வயசு, போட்டோ எடுத்து களைச்சுப் போய் என்கிட்ட வந்து "ஆன்ட்டி இங்க எங்கயாவது உக்கார எடம் இருக்கா"ன்னு கேட்டுச்சு. எங்க படிக்கட்டுலதான் உக்கார வெச்சேன்.

அடுத்த செவ்வாக்கு அண்ணா நகர் டவர் பார்க் போலாம்னு பொண்ணு சொல்றா. அந்த டவரு 1968ல கட்டுனது, பத்து வருஷத்துக்கு மேல பூட்டி வெச்சு 2023ல தொறந்தாங்க. சுத்தி சுத்தி மேல ஏறணும், மாமியாரால முடியாது, அவங்க கீழ உக்காந்து எங்களுக்கு கை காட்டணும். கீழ பெஞ்சு நெழல்ல இருக்கான்னு அந்தப் பக்கத்து ஆபீசர் யாராச்சும் இத படிச்சா கொஞ்சம் சொல்லுங்க, இல்லன்னா வீட்லேர்ந்தே முக்காலி ஒண்ண பைல போட்டு எடுத்துட்டு வர்றோம்.

இப்படிக்கு,
செவ்வாக்கிழமை லீவுக்காரி,
கண்ணகி நகர்